ஒன்பது வயது லாப்ரடோரின் இடுப்பு வலியும் அதிர்வலைச் சிகிச்சையும்

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து வந்த கேள்வி இது. வீட்டில் ஒன்பது வயது லாப்ரடோர் ஒன்று இருக்கிறது. பெயர் சீசர், எடை 41 கிலோ. ஒரு வருடமாகக் காலையில் எழும்பச் சிரமப்படுகிறது, வலது பின்காலை நொண்டுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் தமையனின் நாய்க்கு ஷொக்வேவ் என்ற அதிர்வலைச் சிகிச்சை மூன்று தடவை செய்தார்களாம். இப்போது அது ஓடுகிறதாம். இது உண்மையா, நாய்க்கு வலிக்குமா, சீசரைக் கொழும்புக்குக் கொண்டுபோகலாமா, வீட்டில் மதிலில் ஏறுவதை விட்டுவிட்ட பதினான்கு வயதுப் பூனைக்கும் செய்விக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிகிச்சை உண்மையானதுதான், ஏமாற்று வேலை அல்ல. ஆனால் சீசருக்குச் செய்யவேண்டியவற்றின் வரிசையில் அது முதலாவதாக நிற்கவில்லை. நான் போட்டால் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ போடுவேன். ஏன் என்பதைச் சொல்ல, அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

மனிதர்களின் சிறுநீரகக் கல்லை உடலைக் கிழிக்காமல் வெளியிலிருந்து உடைக்க உருவான தொழில்நுட்பம் இது. 1980ஆம் ஆண்டு ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்கு அப்படிச் செய்தார்கள். பிறகு எலும்பிலும் தசைநாணிலும் இதே அலைகள் வேறு வகை மாற்றங்களை உண்டாக்குவதைக் கவனித்து, குறைந்த சக்தியில் குதிகால் வலிக்கும் தோள்வலிக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளில் ஜேர்மனியக் கால்நடை வைத்தியர்கள் அதைக் குதிரைகளுக்குக் கொண்டுவந்தார்கள். நாய்க்கு வந்தது அதற்குப் பிறகு.

உடலுக்குள் போவது மின்சாரம் அல்ல, அழுத்தம். ஸ்கான் செய்யும்போது செலுத்தப்படும் ஒலியலையும் அழுத்தந்தான். ஆனால் அது மெதுவாக ஏறி இறங்குவது. இது சில நானோ விநாடிகளில் வளிமண்டல அழுத்தத்தின் நூறு மடங்குக்கு மேல் ஏறி, உடனே விழுந்து, கீழேயும் சற்று இறங்கி அடங்குகிறது. கதவைத் தள்ளுவதற்கும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு. தோல், கொழுப்பு, தசை எல்லாம் ஏறக்குறைய நீரைப் போன்றவை என்பதால் அலை அவற்றுக்குள் அதிகம் இழப்பில்லாமல் செல்லும். அடர்த்தி திடீரென மாறும் இடத்தில், அதாவது தசைநாண் எலும்பில் பற்றும் இடத்தில், மூட்டின் ஓரத்தில், தன் சக்தியைக் கொட்டும். அந்தத் தட்டுக்கு உயிரணுக்கள் பதில் சொல்கின்றன. புதிய நுண் இரத்தக்குழாய்கள் வளரத் தூண்டும் புரதங்கள் சுரக்கின்றன. எலும்பு உருவாக்கும் அணுக்கள் சுறுசுறுப்படைகின்றன. வலியைக் கடத்தும் நரம்பு முனைகள் சில நாட்களுக்கு அடங்கிவிடுகின்றன. தேய்ந்துபோன குருத்தெலும்பு இதனால் திரும்ப வளர்வதில்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் ‘மீளுருவாக்கம்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது.

அடர்த்தி மாறும் இடத்தில் அலை சக்தியைக் கொட்டும் என்ற அந்த ஒரே விதியிலிருந்து நடைமுறையில் பல விடயங்கள் பிறக்கின்றன. மயிருக்கிடையே சிக்கியிருக்கும் காற்று அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே மயிரை நன்றாக மழித்து, ஜெல் தடவியே ஆகவேண்டும். மயிரை மழிக்காமல் மேலால் வைத்து அடித்துவிட்டுப் பணம் வாங்கினால் அந்தப் பணம் வீண். நுரையீரல் முழுக்கக் காற்று. அதன் மேல் அலை பட்டால் இரத்தக் கசிவு ஏற்படும். எனவே மார்புப் பக்கம், வாயு நிறைந்த குடல் பக்கம் எல்லாம் விலக்கு. மூளை, கண், பெரிய இரத்தக்குழாய், சினைப்பட்ட கருப்பை, வளரும் குட்டியின் எலும்பு முனை, கிருமி பிடித்த மூட்டு, புற்றுநோய்க் கட்டி ஆகியவற்றின் மேலும் வைக்கக்கூடாது. இரத்தக் குழாய் வளரத் தூண்டும் சிகிச்சையைக் கட்டியின் மேல் யாரும் தெரிந்துகொண்டு செய்யமாட்டார்கள். தெரியாமல் செய்துவிடுவதுதான் ஆபத்து. பெரிய உடம்பு நாய்களில் எலும்புப் புற்றுநோய் முதலில் வெறும் நொண்டலாகத்தான் தெரியும். முன்காலின் மணிக்கட்டுக்கு மேலும், தோளருகிலும், முழங்கால் அருகிலும் அடிக்கடி வரும்.

இந்தச் சிகிச்சையால் நன்மை உண்டு என்பதற்கான சான்று எவ்வளவு? நாய்களின் இடுப்பு, முழங்கால், முழங்கை மூட்டுத் தேய்மானத்திலும், தோள் தசைநாண் அழற்சியிலும், பொருந்தத் தாமதிக்கும் எலும்பு முறிவிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நாய் காலை ஊன்றும் விசையை அளக்கும் தட்டில் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் தெளிவான முன்னேற்றம், சிலவற்றில் சிறிய முன்னேற்றம், சிலவற்றில் வேறுபாடு இல்லை. பெரும்பாலும் சிறிய எண்ணிக்கையிலான நாய்கள். ஒரே கருவி, ஒரே சக்தி, ஒரே இடைவெளி என்றும் இல்லை. என் கணிப்பில் இது வலிநிவாரண மருந்தின் அளவைக் குறைக்க உதவக்கூடிய துணைச் சிகிச்சை. மருந்து ஒத்துக்கொள்ளாத, சிறுநீரகம் பழுதான வயோதிப நாய்க்கு இதன் மதிப்பு இன்னும் கூடும். தனியாக நின்று நாயை ஓட வைக்கும் வித்தை அல்ல. தமையனின் நாய்க்கு அங்கே ஷொக்வேவ் மட்டுந்தான் செய்தார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த நாடுகளில் இதோடு எடைக் குறைப்பு உணவு, மூட்டுவலிக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி, நீருக்குள் நடக்கும் பயிற்சி எல்லாம் ஒன்றாக நடப்பது வழமை. கடைசியில் பெயர் வாங்குவது கருவி.

இனி சீசர். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது ‘வலது பின்கால்’ என்ற ஒரு விவரம். தேய்மானம் இரண்டு இடுப்பிலும் இருக்கிறது. நொண்டுவதோ ஒரு கால். இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்கள் பெரும்பாலும் இரண்டு பின்கால்களையும் ஒடுக்கி, முயல் மாதிரித் துள்ளும். படி ஏறத் தயங்கும். ஒரு காலை மட்டும் தெளிவாகத் தூக்கி வைத்தால் முழங்காலைப் பார்க்கவேண்டும். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் சிலுவை இணைப்புநார் லாப்ரடோர்களில் மெல்ல மெல்ல நைந்து ஒருநாள் அறுந்துபோகும். அப்படிப்பட்ட நாயை எக்ஸ்ரே எடுத்தால் வயதுக்கேற்ற இடுப்புத் தேய்மானமும் தெரியும்; பழி இடுப்பின் மேல் விழுந்துவிடும். எக்ஸ்ரேயில் மிக மோசமாகத் தெரியும் இடுப்போடு ஓடித் திரியும் நாய்களும் உண்டு, படத்தில் பெரிதாக ஒன்றுமில்லாமல் வலியில் முனகும் நாய்களும் உண்டு. சீசர் உட்காரும்போது வலது காலை மடிக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைக்கிறதா என்று கவனியுங்கள். முழங்காலின் உட்பக்கம் மற்றக் காலைவிடத் தடித்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இரண்டில் ஒன்று ஆம் என்றாலும், வைத்தியர் அதை மயக்கத்தில் வைத்து முழங்காலை அசைத்துப் பார்க்கவேண்டும். அறுந்த நாருக்குச் சத்திரசிகிச்சைதான் முறை. இடுப்பில் அலை அடித்து முழங்கால் சரியாகாது.

நகங்களையும் பாருங்கள். பின்கால் நகங்களின் மேற்பக்கம் வீதியில் உரசித் தேய்ந்திருந்தால் கோளாறு நரம்பில் அல்லது முதுகெலும்பில் இருக்கலாம். அது வேறு வழக்கு.

யாழ்ப்பாணத்தில் நொண்டும் நாயைப் பார்த்தால் நான் மறக்காமல் கேட்கும் இன்னொரு கேள்வி உண்ணியைப் பற்றியது. இங்கே உண்ணிக்கு ஓய்வுக்காலம் கிடையாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற நோய் மூட்டுகளை வீங்கவும் வலிக்கவும் வைக்கும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும், சில நாய்களுக்கு மூக்கால் இரத்தம் வரும். நாய் ‘வயசாகிவிட்டது’ என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த நோய், இரத்தம் உறைய உதவும் இரத்தவட்டுகளைக் குறைத்துவிடும். இரத்தவட்டுக் குறைந்த நாயின் உடம்பில் அதிர்வலை அடித்தால் தோலுக்குக் கீழும் தசைக்குள்ளும் இரத்தம் கட்டும். ஆகவே இந்தச் சிகிச்சைக்குப் போகிறீர்களோ இல்லையோ, சீசருக்கு முழு இரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தால் சில வார அன்ரிபயோற்றிக் மாத்திரையிலேயே பாதி நொண்டல் போய்விடக்கூடும்.

இவையெல்லாம் பார்த்து, வலி உண்மையிலேயே இடுப்பில்தான் என்று முடிவாகிவிட்டால், அடுத்தது எடை. 41 கிலோ ஒரு லாப்ரடோருக்கு அதிகம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிகிறதா? இரண்டும் இல்லையென்றால் பருமன்தான். மூட்டுத் தேய்மானமும் பருமனும் சேர்ந்த நாய்களில், உடல் எடையில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தாலே நொண்டல் அளக்கத்தக்க அளவு குறைவதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. சீசருக்கு அது இரண்டரைக் கிலோ. வேறொரு நீண்ட ஆய்வில் 48 லாப்ரடோர்களைக் குட்டியிலிருந்தே சோடி சோடியாக வளர்த்தார்கள். சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவு. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுநோய் பிந்தி வந்தது; அவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாகவும் வாழ்ந்தன. எந்த அலைக் கருவிக்கும் இப்படியொரு சாதனை கிடையாது.

எங்கள் வீடுகளில் நாய் பருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சோறு. மதியம் மிஞ்சியது, இரவு மிஞ்சியது, நடுவில் தேத்தண்ணீர் நேரத்து மாரி பிஸ்கற். நல்லூர்த் திருவிழா வந்தால் இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் இல்லை. நாயும் விரதம் பிடித்துச் சோறும் பருப்பும் சாப்பிட்டு இன்னும் ஊதும். சோற்றைப் பாதியாக்குங்கள். அந்த இடத்தைப் பூசணி, போஞ்சி, அவித்த மீன், முட்டை ஆகியவற்றால் நிரப்புங்கள். சூடை மீனைக் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் உப்பும் தூளும் போடாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுக்கலாம். மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 மூட்டு அழற்சிக்கு நல்லது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் குளுக்கோசமீன் போத்தல்களைவிட இதற்குச் சான்று அதிகம், விலையும் குறைவு. பிஸ்கற்றை ஒருவர் நிறுத்தினால் போதாது, அம்மம்மாவும் நிறுத்தவேண்டும்.

தரையைப் பற்றியும் சொல்லவேண்டும். புதிதாகக் கட்டிய வீடு என்றால் விறாந்தை வரைக்கும் பளபளவென்று ரைல்ஸ் பதித்திருப்பீர்கள். இடுப்பு நொந்த நாய்க்கு அது பெரிய இடைஞ்சல். எழும்பும்போது பின்கால் இரண்டும் விரிந்து வழுக்க, ஒவ்வொரு முறையும் மூட்டு புதிதாக நோகும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், அங்கிருந்து முற்றம் வரைக்கும் இறப்பர் விரிப்போ தடித்த தும்பு விரிப்போ போட்டுவிடுங்கள். பனையோலைப் பாய் வேண்டாம், அதுவே வழுக்கும். நடையை வெயில் ஏறமுன் முடியுங்கள். நீண்ட ஒரு நடையைவிடச் சிறிய மூன்று நடை நல்லது. வாகனம் இருந்தால் சனி ஞாயிறுகளில் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கோ சாட்டிக்கோ கொண்டுபோய், நெஞ்சளவு நீரில் பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். ஆழமில்லாத, அலை அடங்கிய கடல். வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் நாயை நடக்கவைத்துக் காசு வாங்குகிறார்கள். எங்களுக்கு அது இலவசமாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கிணற்று நீரால் உப்பைக் கழுவிவிடுங்கள்.

மருந்து பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் பல வீடுகளில் நடப்பது எனக்குத் தெரியும். தாத்தாவின் முழங்காலுக்குத் தந்த டைக்ளோபெனக் மாத்திரையை நாய்க்கும் பாதி உடைத்துக் கொடுப்பார்கள். இபுபுரூபனும் அப்படியே. நாயின் இரைப்பையில் புண் வந்து கறுப்பாகக் கழியும், சிறுநீரகம் பழுதாகும். மெலொக்சிகாம், கார்ப்ரோபென் போன்றவை நாய்களுக்கென்று அளவு கணக்கிடப்பட்டவை. சிறுநீரகம், ஈரல் நன்றாக இருந்தால் வைத்தியரின் கண்காணிப்பில் நீண்டகாலம் கொடுக்கலாம். இன்னொன்று ஸ்ரெரொயிட் ஊசி. போட்ட அன்றே நாய் துள்ளிக் குதிக்கும். அதனால் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பார்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு அது வழக்கமான மருந்தல்ல; பசியைக் கூட்டி எடையையும் ஏற்றும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பை ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். வேறிடத்தில் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இத்தனையும் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து, அதற்கு மேலும் வலி இருந்தால் அதிர்வலைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. அப்போது எந்தக் கருவி என்று கேட்கவேண்டும். இரண்டு இனம் உண்டு. குவிய வகை அலையைத் தோலுக்குக் கீழே குறிப்பிட்ட ஆழத்தில் குவிக்கும். மின்பொறி, மின்காந்தம், மின்சாரம் பட்டால் அதிரும் பீசோ படிகம் என்று அலையை உருவாக்கும் முறை மூன்று. ரேடியல் வகையில் அழுத்தக் காற்று ஒரு சிறு உலோகக் குண்டைக் குழாய்க்குள் தள்ளி முனையில் மோத வைக்கும். அதன் சக்தி தோலில்தான் மிக அதிகம், உள்ளே போகப் போகப் பரவிக் குறைந்துவிடும். மனிதர்களுக்கான இயன்மருத்துவ நிலையங்களில் காணப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. “தெரிந்த ஒருவரிடம் மெசின் இருக்கிறது, நாய்க்கும் ஒருக்கால் அடித்துப் பார்ப்போமா” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 41 கிலோ நாயின் இடுப்பு மூட்டு தடித்த தசைக்குக் கீழே சில சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. ரேடியல் அலை அங்கே போய்ச் சேரும்போது அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிராது. தோலோடு ஒட்டிய தசைநாண் என்றால் அது வேறு கதை.

வலிக்குமா என்று கேட்டீர்கள். வலிக்கும். நொந்த மூட்டில் நூற்றுக்கணக்கான தட்டுகள், ஒரு மூட்டுக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வரைக்கும். மின்பொறி வகையில் ஒவ்வொரு தட்டுக்கும் வெடிச்சத்தமும் உண்டு. ஆகவே பெரும்பாலும் இலேசான மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். சில புதிய கருவிகளில் மயக்கமில்லாமலும் செய்கிறார்கள். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய்க்கு அது சரிவராது. மூட்டு ஒன்றுக்குப் பத்து நிமிடமளவு. இரண்டு மூன்று கிழமை இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தடவை. அடித்த இடம் சற்றுச் சிவந்து வீங்கலாம், ஓரிரு நாள் நொண்டல் கூடவும் செய்யலாம்.

மாறாக, முதல் சில நாட்களில் நரம்பு முனைகள் அடங்கியிருப்பதால் வலி தெரியாமலும் போகலாம். போட்டிக் குதிரைகளுக்குச் சிகிச்சை செய்த பின் சில நாட்கள் ஓடவிடக்கூடாது என்று குதிரைப் போட்டி அமைப்புகள் விதி வைத்திருப்பதே இதனால்தான்: வலி தெரியாத குதிரை, நொந்த காலை முறியும்வரை பயன்படுத்தும். சீசரும் அந்த நாட்களில் முற்றத்தில் பூனையைத் துரத்தப் பார்க்கும். அதைச் சுகம் என்று எண்ணி அவிழ்த்துவிடாதீர்கள். வாரிலே கட்டி, அளவாக நடத்துங்கள். உண்மையான பலன் வருவதானால் அடுத்தடுத்த வாரங்களில்தான் தெரியும்.

கண்ணை நம்பவேண்டாம் என்றும் சொல்வேன். பணம் செலவழித்தவர் கண்ணுக்கு நாய் எப்போதும் கொஞ்சம் நன்றாகத்தான் நடக்கும். சிகிச்சைக்கு முன்பே, ஒரே வீதியில் ஒரே நேரத்தில் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழும்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்று குறித்து வையுங்கள். கடைசித் தடவை முடிந்து ஆறு கிழமைக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் எடுத்து, இரண்டு படத்தையும் வீட்டில் இல்லாத ஒருவரிடம் காட்டி எது பிந்தியது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் நான்காவது தடவைக்குப் பணம் கட்டவேண்டாம்.

பயணமும் ஒரு கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையான ஏ9 வீதி மட்டும் 321 கிலோமீற்றர். கொழும்பு அதைவிடத் தூரம். இடுப்பு நொந்த நாயை வான் வண்டியின் பின்னால் ஏற்றி, போக வர இரண்டு நாள், அதை மூன்று தடவை. அந்தக் குலுக்கலில் வரும் நோவு சிகிச்சையின் பலனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நாட்டில் கால்நடை மருத்துவ பீடம் உள்ள ஒரே இடம் பேராதனைப் பல்கலைக்கழகம்; அதன் போதனா வைத்தியசாலையில் முழங்காலையும் இடுப்பையும் சரியாகச் சோதித்துக்கொள்ள ஒருமுறை போவதற்கு நான் ஆதரவு. ஷொக்வேவுக்காக மட்டும் புறப்படுவதானால், முதலில் தொலைபேசியில் நான்கு விடயம் கேளுங்கள்: கருவி குவிய வகையா, இடுப்பின் ஆழத்துக்கு ஏற்ற முனை இருக்கிறதா, மயக்கத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வார்களா, முழங்காலையும் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவார்களா. நான்காவதற்கு “எக்ஸ்ரே இருக்கிறதுதானே, போதும்” என்று பதில் வந்தால் வானுக்குச் சொல்லவேண்டாம்.

பூனைக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பத்தில் ஒன்பதுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்திருக்கிறது. பூனை நொண்டிக் காட்டாது. ஏறுவதை நிறுத்தும், முதுகின் பின்பக்கத்தை நக்கிச் சுத்தம் செய்வதை விடும், தொட்டால் சீறும். உங்கள் பூனை மதிலைக் கைவிட்டது பெரும்பாலும் வலியால்தான். ஆனால் அதிர்வலையில் பூனைகளுக்கான அனுபவம் நாய்களைவிட மிகக் குறைவு, பதினான்கு வயதில் மயக்க மருந்தும் சுமை, நான் செய்யமாட்டேன். மதிலுக்குப் பக்கத்தில் பழைய மேசையும் அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டியும் வைத்துப் படியாக்கிக் கொடுங்கள். மலங்கழிக்கும் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்துங்கள். வயதான பூனைகளில் சிறுநீரக நோய் மிகுதி என்பதால் இரத்தம் பார்த்துவிட்டு, பூனைக்கென்று குறைந்த அளவில் தரும் வலி மருந்தை வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டில் யாராவது இரக்கப்பட்டு அதற்குப் பனடோல் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனையின் ஈரலால் பரசிற்றமோலைக் கையாள முடியாது, ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும்.